எஞ்சின் பிழைத்துக்கொள்ளும்!

வாசகர் கேள்வி – பதில்

வயலிலிருந்து சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொண்டுபோய், இப்போது மூடப்பட்டுவிட்ட கரும்பு ரயில் பாதைகளைப் படமெடுப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதிய கட்டுரையில், "எஞ்சினைக் கடைசியாக எடுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைக் கண்டித்து வந்த கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டதால், இம்முறை பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: கரும்பு ரயில் என்றாலே கண்ணுக்குள் நிற்பது புகை கக்கும் அந்தக் குட்டி எஞ்சின்தான். அதைப் போய்க் கடைசியில் எடுக்கச் சொல்கிறீர்களே, இது என்ன நியாயம்?

பதில்: எஞ்சின் பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் நியாயம். ஆலை மூடப்பட்டதும் முதலில் எல்லாருடைய கண்ணும் போவது எஞ்சின் மீதுதான். அதை ஒரு பூங்காவில் நிறுத்துவார்கள், அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பார்கள், அல்லது ஆர்வலர் யாரேனும் விலைக்கு வாங்கிக் கொட்டகை போட்டுப் பாதுகாப்பார். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கௌவாயில், 1887இல் ஜெர்மனியில் செய்யப்பட்ட 'பாவ்லோ' என்ற எஞ்சின், அது இழுத்த கரும்பும் அது ஓடிய தோட்டப் பாதையும் மறைந்த பின்னும், பராமரிப்போடு இன்றும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பண்டபெர்க் நகரத் தாவரவியல் பூங்காவில், ஆலைகள் கழித்துவிட்ட எஞ்சின்களைச் செப்பனிட்டுக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வட்டமடிக்க விடுகிறார்கள்.

தண்டவாளத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது எடைக்கு விலை போகும் பழைய இரும்பு. ஆலை மூடிய மறு மாதமே ஏலக்காரர் வந்துவிடுவார். மரக்கட்டைகள் வேலிக்கும் தோட்டத்துப் படிக்கட்டுக்கும் போய்விடும். தண்டவாளம் கிடந்த நிலத்தின் மேல் ஒரே ஒரு முறை டிராக்டர் ஓடினால் போதும், அங்கே பாதை இருந்தது என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் இருக்காது. வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் 'பாயிண்ட்'டை மாற்றும் நெம்புகோல், கரும்பு ஏற்றிய மேடை, 'ஊது' என்று ஓட்டுநருக்குச் சொல்லும் பலகை, மழைக்கு ஒதுங்கிய தகரக் கொட்டகை ஆகியவற்றை எந்த அருங்காட்சியகமும் கேட்டு வாங்குவதில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூடிய ஆலை ஒன்றுக்கு முதன்முதலாகப் போனபோது 36 படம் எடுக்கக்கூடிய ஒரே ஒரு பிலிம் சுருளைக் கொண்டுபோய், அதில் 29 படங்களை ஓர் எஞ்சினுக்கே செலவிட்டேன். எடைமேடைக்குப் பக்கத்தில் நின்று தேநீர் குடித்துவிட்டு, அதை ஒரு படம்கூட எடுக்காமல் திரும்பிவிட்டேன். மறு ஆண்டு போனால், எஞ்சின் அதே இடத்தில் புது வண்ணப்பூச்சோடு பளபளவென்று நிற்கிறது. எடைமேடை இருந்த இடம் வெறும் சிமென்ட் தரை. ஒவ்வொரு வண்டிக் கரும்புக்கும் இவ்வளவு பணம் என்று தீர்மானித்த இடம் அதுதான். அந்த ஊர்க்காரர்களின் வாழ்க்கையில் எஞ்சினைவிடப் பெரிய பொருள் அது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. குயின்ஸ்லாந்தின் நாம்பூர் என்ற ஊரில், 1897இல் தொடங்கிய மோர்ட்டன் ஆலை 2003இல் மூடப்பட்டது. கரும்பு வண்டிகள் ஊரின் தெருவிலேயே கார்களோடு கார்களாகப் போய்வந்த அந்தப் பாதையின் தண்டவாளத்தில் ஒரு பகுதி, இன்றும் தார்ச் சாலையில் பதிந்தபடி கிடக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கேள்வி: கரும்பு ரயில்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு குறுகலான பாதை? பெரிய பாதை போட வசதியில்லாததாலா?

பதில்: வசதிக் குறைவு ஒரு காரணம்தான், அதைவிட முக்கியமான காரணம், பாதையே வயலுக்குள் போக வேண்டியிருந்தது என்பது. 1870களின் நடுவில் பிரான்சில் பால் டெக்கோவில் என்பவர், ஏணியைப் போல முன்கூட்டியே பிணைத்த தண்டவாளத் துண்டுகளைச் செய்து, இரண்டு மூன்று ஆட்கள் தூக்கிக்கொண்டுபோய் வேண்டிய இடத்தில் போட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடும் முறையைப் பரப்பினார். வேடிக்கை என்னவென்றால், அவர் அதை முதலில் செய்தது கரும்புக்கு எதிரியான பீட்ரூட் சர்க்கரைப் பயிருக்காக. ஈர நிலத்தில் வண்டிச் சக்கரம் புதைந்து அறுவடை வெளியே வர முடியாமல் நின்றதுதான் தூண்டுகோல். கரும்பு நாடுகள் அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டன. ஆலைக்குப் போகும் தலைப்பாதை நிலையானது. வயலுக்குள் போகும் கிளை தினமும் இடம் மாறுவது. அகலமான பாதையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாதல்லவா?

அளவு நாட்டுக்கு நாடு மாறும். குயின்ஸ்லாந்திலும் ஃபிஜியிலும் 2 அடி, அதாவது 610 மில்லிமீட்டர்; டச்சுக்காரர்கள் போட்ட ஜாவாப் பாதைகளில் பெரும்பாலும் 700; கௌவாயில் 762; பிலிப்பைன்சின் நெக்ரோஸ் தீவில் 914. படமெடுக்கப் போகும்போது ஓர் அளவுநாடாவைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு தண்டவாளத்தின் உள்விளிம்பிலிருந்து மற்றதன் உள்விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வரும் பாதிச் சண்டைகளை அந்த ஓர் எண் தீர்த்துவைக்கும்.

கேள்வி: தண்டவாளத்தைப் பெயர்த்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. பாதை எந்த வழியாகப் போயிற்று என்று இனிக் கண்டுபிடிக்க இயலுமா?

பதில்: பெரும்பாலும் இயலும். பழைய நில அளவைப் படங்களும், அரசு நில அளவைத் துறைகள் அந்நாளில் விமானத்திலிருந்து எடுத்த படங்களும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அவற்றைப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை காலால் நடந்து பார்த்துவிடுமாறு சொல்வேன். வரைபடத்தை முதலில் பார்த்துவிட்டால், அது காட்டியதை மட்டுமே கண் தேடும்.

பாரம் ஏற்றிய கரும்பு வண்டியால் மேடு ஏற முடியாது. ஆகவே பாதை எப்போதும் நிலத்தின் சரிவோடு சமாதானம் செய்துகொண்டு, ஒரே மட்டத்தை ஒட்டி வளைந்து வளைந்து போகும். சுற்றியுள்ள வரப்புகளெல்லாம் நூல் பிடித்ததுபோல் நேராக இருக்க, அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு வரப்பு மட்டும் காரணமில்லாமல் நிதானமாக வளைந்தால், அங்கே நில்லுங்கள். சாலையில் சாய்வாகக் குறுக்கிடும் தார் ஒட்டு, ஓடைக்கு இருபுறமும் எதையும் தாங்காமல் நிற்கும் கருங்கல் சுவர், ஓரிடத்தில் மட்டும் மண்ணில் கலந்து கிடக்கும் கரிக்கட்டிகள், இரண்டு வரிசையாக நட்டதுபோல் நிற்கும் மரங்கள் எல்லாம் சாட்சிகள். வெயில் சாயும் நேரத்தில் நிலத்தின் அரையடி மேடுகூட நிழல் விழுத்தும். உச்சிவேளையில் போனால் ஒன்றும் தெரியாது. கரும்பு வெட்டி முடித்து, சோகையை அகற்றிய வாரங்கள் இதற்கு மிக உகந்தவை. நிலம் இன்னொருவருடையது என்பதையும், கரும்புக் காட்டில் பாம்பு இருக்கும் என்பதையும் மறவாதீர்கள். அனுமதி கேட்டுவிட்டுப் போனால், நிலத்துக்காரரே கூட வந்து வழிகாட்டுவது வழக்கம்.

பழைய படம் ஒன்று கையில் இருந்து, அதை எடுத்தவர் நின்ற அதே இடத்தில் நின்று மறுபடம் எடுக்க விரும்பினால், ஒரு சிறு உத்தி உண்டு. படத்தில் பக்கத்தில் உள்ள ஒரு பொருளையும் தொலைவில் உள்ள ஒரு பொருளையும் தேர்ந்துகொள்ளுங்கள்; ஆலையின் புகைபோக்கி விளிம்பும் பின்னாலுள்ள மலை முகடும் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் புகைபோக்கி முகட்டின் எந்தப் புள்ளியை மறைக்கிறதோ, அதையே நேரிலும் மறைக்கும் வரை இடமும் வலமும் நகருங்கள். பிறகு அதைப்போல் இன்னொரு ஜோடியை எடுத்துக்கொண்டு முன்னும் பின்னும் நகருங்கள். இரண்டு ஜோடிகளும் ஒத்துப்போகும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கேமராவோடு நின்ற அந்த இடம். லென்ஸின் அளவு வேறாக இருந்தாலும் கவலையில்லை; பொருள்கள் ஒன்றையொன்று மறைக்கும் விதத்தை லென்ஸ் மாற்றாது, நிற்கும் இடம்தான் மாற்றும்.

கேள்வி: பூங்காவில் கம்பி வேலிக்குள் நிற்கும் எஞ்சினை எப்படி எடுப்பது? எடுத்த படமெல்லாம் கூண்டுக்குள் இருக்கும் மிருகம்போல் வருகிறது.

பதில்: லென்ஸை வேலியை ஒட்டி, ஒரு கண்ணியின் நடுவில் வைத்து, ஒளி புகும் துவாரத்தை (அபெர்ச்சர்) முடிந்த மட்டும் அகலமாகத் திறந்து எடுத்தால் கம்பி கரைந்துபோகும். கறுப்பு எஞ்சினுக்கு மேகமூட்டமான காலைதான் நல்லது. வெயிலில் ஒரு பக்கம் தார், மறு பக்கம் சுண்ணாம்பு என்று ஆகிவிடும். உட்கார்ந்து எடுங்கள். கரும்பு எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை. நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் பொம்மைபோல் தெரியும்.

ஆனால் அழகான முழுப்படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். செய்தவரின் பெயரும் தொழிற்சாலை எண்ணும் ஆண்டும் பொறித்த தகட்டை நேராக எடுத்து வையுங்கள். ஆலைக்காரர்கள் இட்ட எண் மூன்று முறை மாறியிருக்கும், தொழிற்சாலை எண் மாறாது. தண்டவாளத் துண்டு எங்கேனும் எஞ்சியிருந்தால் அதன் பக்கவாட்டைப் பாருங்கள். உருட்டிய ஆலையின் பெயரும் ஆண்டும் புடைத்த எழுத்தில் இருக்கும். துரு ஏறி ஒன்றும் தெரியாததுபோல் தோன்றும். உலர்ந்த தூரிகையால் மெல்லத் தட்டிவிட்டு, ஒரு கைவிளக்கைத் தண்டவாளத்தோடு படுக்கவைத்து ஒளியை நீளவாட்டில் ஓடவிட்டால், எழுத்துகள் ஒவ்வொன்றாக நிழலோடு எழுந்துவரும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் மெய்சிலிர்த்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: கறுப்பு வெள்ளையா, வண்ணமா?

பதில்: வண்ணம். எந்தப் பெட்டிக்கு எந்த நிறம் என்பதும் ஒரு தகவல்தான். ஏக்கம் தேவைப்பட்டால் பிறகு வண்ணத்தைக் கழற்றிக்கொள்ளலாம். கழற்றியதைத் திரும்பப் பூச முடியாது.

கேள்வி: இவ்வளவு பொருத்தமான போக்குவரத்து என்றால் ஏன் மூடினார்கள்? லாரி வந்ததுதான் காரணமா?

பதில்: லாரி ஒரு காரணம். பல இடங்களில் ரயில் தனியாகச் சாகவில்லை. ஆலையோடு சேர்ந்து செத்தது. ஸ்பெயினுக்கே ரயில் வருவதற்கு முன், 1837இல், சர்க்கரையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ரயில் போட்ட நாடு கியூபா. அங்கே 2002இல், உலகச் சந்தையில் சர்க்கரை விலை படுத்துக் கிடந்த நிலையில், 156 ஆலைகளில் 71 மூடப்பட்டன. அவற்றை நம்பியிருந்த பாதைகளும், உலகெங்கிலுமிருந்து படக்காரர்கள் தேடிப்போன பழைய அமெரிக்க நீராவி எஞ்சின்களும் அத்தோடு ஓய்ந்தன. ஃபிஜியின் ராக்கிராக்கியில் இருந்த பெனாங் ஆலையை 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் அடித்து நொறுக்கியது. பிறகு அது திறக்கப்படவில்லை, அப்பகுதிக் கரும்பு லாரிகளில் வேறு ஆலைக்குப் போகத் தொடங்கியது.

இன்னொரு கணக்கும் உண்டு. வெட்டிய கரும்பு காத்திருக்காது. ஒரு நாள் தாமதித்தாலே சாற்றில் சர்க்கரை இறங்கத் தொடங்கும். அதனால் அரவைப் பருவத்தில் பாதை இரவு பகலாக ஓட வேண்டும். பருவமோ ஆண்டில் ஐந்தாறு மாதம்தான். மீதி மாதங்களில் வருமானம் இல்லாமலே பாலத்தையும் கட்டையையும் பராமரிக்க வேண்டும். கரும்பு அடர்த்தியாக விளைந்து, ஆலை பெரியதாக இருந்தால் இந்தக் கணக்கு கட்டுப்படியாகும். குயின்ஸ்லாந்தில் இன்றும் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கரும்புப் பாதை டீசல் எஞ்சின்களோடு ஓடிக்கொண்டிருப்பது அதனால்தான். ஆகவே ரயில் காலாவதியாகிவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுவது சரியன்று.

கேள்வி: நீங்கள் கரும்பு ரயிலைப் பற்றிக் கண்ணில் நீர் ததும்ப எழுதுகிறீர்கள். ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களில் நம்மவர்கள் பட்ட பாடு தெரிந்தும், அந்தக் கம்பெனியின் ரயிலைக் கொண்டாடுவது முறையா?

பதில்: இந்த இதழுக்கு வந்தவற்றுள் என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து 60,000க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக ஃபிஜிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்தின் வழியாகவும் கப்பல்கள் போயின. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அவற்றில்தான் போனார்கள். அவர்களில் பெரும்பாலோரை வேலை வாங்கியது சிட்னியிலிருந்து இயங்கிய காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி. லௌடோகா ஆலை அரவையைத் தொடங்கியதும் அதே 1903இல்தான். எஞ்சியிருந்த ஒப்பந்தங்களெல்லாம் 1920 ஜனவரி முதல் நாளோடு நீக்கப்பட்டன. அந்த இரண்டடிப் பாதைக்கு மண் வெட்டிப் போட்டதிலும், அதன் பெட்டிகளில் கரும்பு அடுக்கியதிலும் யாருடைய தோள் தேய்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் படமெடுப்பது வேறு, கொண்டாடுவது வேறு. பாதையைப் படமெடுக்காமல் விட்டால் கம்பெனிக்கு ஒரு நட்டமும் இல்லை; அதன் கணக்குப் புத்தகங்களும் மேலாளர்களின் பங்களாப் படங்களும் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கும். தொழிலாளிக்குக் காப்பகம் கிடையாது. அவர் இருந்ததற்குச் சாட்சி அவர் போட்ட மண்மேடும், அவர் குடியிருந்த 'லைன்' வீடுகளின், அதாவது வரிசையாகக் கட்டிய கூலிக் குடியிருப்புகளின், அடித்தளமும்தான். நான் பாதையை எடுங்கள், எடைமேடையை எடுங்கள் என்று நச்சரிப்பதன் காரணமும் இதுவே. பளபளக்கும் எஞ்சினை மட்டும் எடுப்பவரின் படத்தொகுப்பில் கூலிக்காரர் இருக்கமாட்டார். உங்கள் குற்றச்சாட்டு அவருக்குப் பொருந்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒப்பந்த முறை ஒழிந்த பின் கம்பெனி தன் நிலத்தைப் பத்துப் பத்து ஏக்கராகப் பிரித்து, முன்னாள் கூலிகளுக்குக் குத்தகைக்கு விட்டது. அதன் பிறகு அதே ரயில், அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வளர்த்த கரும்பை ஏற்றியது. அந்தப் பாதையில் மக்கள் கட்டணமின்றிப் பயணம் செய்த வண்டி ஒன்றும் நெடுங்காலம் ஓடியது. எனவே அடுத்தடுத்த தலைமுறைகளின் நினைவில் அது ஒரே சமயத்தில் கம்பெனியின் ரயிலாகவும் தங்கள் ரயிலாகவும் இருந்தால் அதில் முரண் இல்லை. ஒன்றைச் சொல்லும்போது மற்றதை மறைக்காமல் இருந்தால் போதும். என் முந்தைய கட்டுரையில் ஃபிஜியைப் பற்றி எழுதியபோது எஞ்சின்களின் வகைகளை மட்டும் எழுதிவிட்டுப் போனேன். அது பிழை, ஏற்றுக்கொள்கிறேன்.

கேள்வி: பாதையில் வேலை செய்த முதியவர்களிடம் பேசி நினைவுகளைப் பதிவு செய்ய ஆசை. "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நன்றாக இருந்தது" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

பதில்: தவறு அவர்களிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. ஒரு முழுக் காலத்தைப் பற்றிக் கேட்டால் யாராலும் ஒரு வார்த்தைக்கு மேல் பதில் சொல்ல முடியாது. சாப்பாட்டுத் தூக்கை எஞ்சினில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கொதிகலனுக்குப் பக்கத்தில் எந்த இடத்தில் வைத்தால் சூடு இருக்கும், எங்கே வைத்தால் தீய்ந்துபோகும் என்று தொடங்கி, அன்றைக்கு யார் கூட இருந்தார், யாரோடு சண்டை என்பது வரை வந்துவிடும். தடம் புரண்ட பெட்டியை எதை வைத்துத் தூக்கினீர்கள்? பிரேக் இல்லாத பெட்டியைச் சரிவில் எப்படி நிறுத்தினீர்கள்? இரவில் எதிர் வண்டி வருவது எப்படித் தெரியும்? கரும்புச் சக்கையை எரிபொருளாகப் போட்ட எஞ்சினென்றால், ஒரு நடைக்கு எத்தனை கட்டு ஆகும், தீப்பொறி பறந்து வயல் பிடித்த கதை உண்டா? கைகளால் பதில் சொல்லும்படியான கேள்விகளைக் கேளுங்கள். கை அசையத் தொடங்கினால் நினைவு தானாக வரும். அந்தக் கைகளையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் எடுத்த படங்களைப் பெரிதாக அச்சிட்டு, மேசை மேல் பரப்புங்கள். கைப்பேசித் திரையைக் காட்டினால் "அழகாக இருக்கிறது" என்பார்கள், தாளில் அச்சிட்டதைக் கொடுத்தால் விரலை வைத்து, "இந்த இடத்தில் ஒரு பாயிண்ட் இருந்ததே, எங்கே?" என்பார்கள். ஒரு முதியவர் என் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஏனென்று கேட்டதற்கு, தான் எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருவது வழக்கம் என்றார். அன்றிலிருந்து ஒவ்வோர் இடத்தையும் இரு திசையிலிருந்தும் எடுக்கிறேன்.

ஓட்டுநர்களோடு நின்றுவிடாமல் கேட்டில் கொடி பிடித்தவர், பட்டறையில் பற்றவைத்தவர், பாதையோரம் குடியிருந்த பெண்கள், ஓடும் வண்டியிலிருந்து கரும்பை உருவி ஓடிய அன்றைய சிறுவர்கள் ஆகியோரையும் கேளுங்கள். கரும்பு ரயில் ஓடிய ஊர்களிலெல்லாம் இந்தக் கடைசிப் பிரிவினர் பெருந்தொகையினர். இத்தனை வயதுக்குப் பிறகு யாரும் மறைப்பதுமில்லை. பதிவைத் தொடங்குமுன் அனுமதி கேட்டு, அந்தச் சம்மதத்தையும் பதிவிலேயே இடம்பெறச் செய்யுங்கள்.

கேள்வி: பாதை இருந்த இடத்தில் ஒரு தண்டவாள ஆணி கிடந்தது. நினைவாக எடுத்துவரலாமா?

பதில்: நிலத்துக்காரரைக் கேளுங்கள். கிடந்த இடத்திலேயே வைத்து முதலில் படமெடுங்கள். மேசைக்கு வந்துவிட்டால் அது வெறும் ஆணி.

கேள்வி: மறைந்த என் தந்தை அரவைக் காலங்களில் கரும்பு ரயில்களை எடுத்த ஸ்லைடுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. சில படங்கள் சிவந்துவிட்டன. எப்படிக் காப்பாற்றுவது? பலவற்றில் இருப்பவர்கள் யார் என்றே எங்களுக்குத் தெரியாது.

பதில்: முதலில் பெட்டியைக் கலைக்காதீர்கள். அவர் அடுக்கிய வரிசையே ஒரு தகவல். எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம் என்பதிலிருந்து ஒரு நாளின் நடையைத் திரும்பக் கட்டிவிடலாம். அட்டைச் சட்டத்தில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது படம் கழுவிய மாதம், எடுத்த மாதம் அன்று. ஆனாலும் அதற்குப் பிறகு எடுத்ததாக இருக்க முடியாது என்ற மட்டில் ஒரு வரம்பு கிடைக்கிறது. சட்டத்தின் இரு பக்கத்தையும், அதில் அவர் கிறுக்கியிருப்பதையும் சேர்த்தே படமெடுத்து வையுங்கள்.

நிறம் மாறாமல் இருப்பவை பெரும்பாலும் கோடக் நிறுவனத்தின் கோடக்குரோம் என்ற ஸ்லைடு பிலிமாக இருக்கும். இருட்டில் வைத்தால் அதன் நிறம் பல பத்தாண்டுகள் நிற்கும். 2009இல் அதன் உற்பத்தி நின்று, 2010 முடிவோடு கழுவும் கடைசிக் கூடமும் அந்த வேலையை நிறுத்திவிட்டது. சிவந்துபோனவை வேறு வகைப் பிலிம்கள். அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் பிலிமின் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவற்றைத் தனியே பிரித்துக் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள், மற்றவற்றுக்கும் தொற்றும். பிவிசி உறைகளில் போடக் கூடாது. பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறைகள் நல்லவை. ஸ்கேன் செய்த கோப்புகளை மூன்று வெவ்வேறு இடங்களில் வைத்து, மூலத்தையும் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள்.

பெயர் தெரியாதவர்களைப் பற்றி ஒரு சொல். தெரியவில்லை என்பதற்காகப் படக்குறிப்பை வெறுமையாக விடாதீர்கள். ஊகித்து யார் பெயரையாவது எழுதியும் விடாதீர்கள். நீங்கள் அனுப்பியிருந்த பிரதியில், பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கிறாரே, அதற்கு இப்படி எழுதலாம்: "பெயர் தெரியவில்லை. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். வலது கையில் சுருட்டிய பச்சைக் கொடி, காலில் செருப்பில்லை. பின்னால் கரும்பு ஏற்றிய பெட்டிகள். முன்னால் உள்ளதன் எண் 417 என்று படிக்க முடிகிறது. இடப்புறத்தில் படமெடுப்பவரின் நிழல் விழுந்திருக்கிறது." அதன் கீழே நீங்கள் எழுதிய தேதியைப் போட்டு, பெயருக்கு ஒரு வரி இடம் விட்டுவையுங்கள்.